நானூறு கவிதைகளும் ஓர் அட்டைக் கூடும்

“இழுங்க சார், நல்லா இழுங்க! இழுத்து இழுத்து என் தோள்பட்டையே கழன்று போச்சு!”

கவிஞர் அந்த அட்டைக் கூட்டை நூலகரின் மடியில் வைத்தார். நூலகர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இழுத்துப் பார்த்தார். உள்ளே செருகியிருந்த புத்தகம் அசைந்து கொடுக்கவில்லை.

பைண்டர் அக்கா தைத்துக்கொண்டிருந்த ஊசியைக் கீழே வைத்தாள்.

புத்தகத்தைக் கையால் தைத்து, அதைச் செருகி வைக்க அளவெடுத்து அட்டைக் கூடும் செய்து தருவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கூட்டைச் சாய்த்தால் போதும், புத்தகம் அதுவாக மெல்ல வழுக்கிக் கைக்கு வரும். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் நூலகரே வந்திருந்தார். பழைய புத்தகம் எண்பதுக்குக் கூடு வேண்டுமாம். ஒரு வருஷத்து வேலை. ‘சரி’ என்று அவர் வாயைத் திறக்கப் போன நேரம் பார்த்துக் கவிஞர் நுழைந்தார்.

கவிஞர் என்றால் பிறவிக் கவிஞர் அல்ல. முப்பது வருஷம் தண்ணீர் வரி ஆபீசில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு நானூற்றுப் பன்னிரண்டு கவிதை எழுதிவிட்டார். அவற்றைப் புத்தகமாக்கிப் பிறந்தநாள் பரிசாகத் தந்தவள் மருமகள். இப்போது வாசற்படியில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் கையெழுத்துத் தாள்களோடு வந்தபோது அந்தப் பெண் கேட்டது அக்காவுக்கு நினைவு வந்தது.

“அக்கா, கூட்டை மட்டும் கொஞ்சம் இறுக்கமா பண்ணிடுங்க. உள்ளே போன புத்தகம் திரும்ப வரக் கூடாது.”

“ஏம்மா?”

“அத்தை போனதுல இருந்து மாமா வாயே திறக்கலை. ஒருநாள் சாப்பிடும்போது நாலு வரி சொன்னார். பேசிட்டாரேங்கிற சந்தோஷத்துல ‘ஆஹா’ன்னுட்டேன். அன்னைக்கு மாட்டினவதான். தட்டு முன்னாடி உட்கார்ந்தா தினம் மூணு கவிதை, புதுசோ பழசோ. புத்தகமாயிட்டா இனி எழுத மாட்டேன்னு சொல்றார். ஆனா இதையே முதல்ல இருந்து படிக்க ஆரம்பிச்சார்னா? போதும்னு சொல்ல எனக்கு மனசு வரலைக்கா.”

அக்கா தலையை ஆட்டித்தான் வைத்தாள். ஆனால் அட்டையை வெட்ட உட்கார்ந்தபோது கை கேட்கவில்லை. எத்தனை தடவை மனசைக் கல்லாக்கிக்கொண்டாலும் கத்தி சரியான அளவில்தான் போய் நின்றது. தெரிந்தே ஒரு வேலையைக் கெடுக்க அவளுக்கு வரவில்லை. வழக்கம்போல் வழுக்கி வரும் கூட்டைத்தான் கொடுத்தனுப்பினாள்.

அப்புறம் எப்படி இறுகியது?

கூட்டை வாங்கி, அதன் வாயை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். உள்ளே பளபளவென்று ஒரு கோடு. பசை! அவளுடைய மாவுப் பசை காய்ந்தால் மினுங்காது. இது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் குப்பிப் பசை.

யாரோ ஒட்டியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ! வாசற்படியைப் பார்த்தாள். மருமகள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

உண்மையைச் சொன்னால் அந்த வீட்டில் நாளைக்கு அடுப்பு எரியாது. சொல்லாவிட்டால் எண்பது கூடும் கையை விட்டுப் போகும். அக்கா நூலகர் பக்கம் திரும்பினாள்.

“என் தப்புதான் சார். அளவு பிசகிடுச்சு.”

நூலகரின் முகம் சுருங்கியது. “எங்க புத்தகமெல்லாம் ரொம்பப் பழசும்மா. இப்படி இழுத்தா கையோட வந்துடும். எதுக்கும் வேற இடத்திலேயும் விசாரிச்சுட்டு...”

மருமகள் ஓடி வந்து அக்காவின் காதோரம் குனிந்தாள்.

“கேட்டபடி இறுக்கமாவும் பண்ணிட்டீங்க, பழியையும் நீங்களே ஏத்துக்கிட்டீங்க. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்க்கா.”

“மாமா, நான் போய் வண்டி பிடிக்கிறேன்” என்று கண்ணைத் துடைத்தபடி வெளியே போனாள்.

அக்கா கையிலிருந்த கூட்டை மறுபடி பார்த்தாள். அப்படியானால் ஒட்டியது இவள் இல்லையா?

கவிஞர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். திரும்பியபோது முகத்தில் அசடு வழிந்தது.

“செய்யாத தப்பை நீ ஏம்மா ஏத்துக்கிட்டே? நூலகர் சார், கூட்டுல ஒரு குத்தமும் இல்லை. சாய்ச்ச உடனே அழகா வழுக்கிக்கிட்டு வந்துடுச்சு. அதான் வினையே! பேரனோட பசையை எடுத்து நான்தான் ஒட்டினேன்.”

“நீங்களா? உங்க கவிதைதானே சார்!”

“எனக்கும் கவிதைக்கும் என்னம்மா சம்பந்தம்? என் வீட்டுக்காரி போன துக்கத்துல ஒருநாள் ஏதோ நாலு வரி உளறினேன். மருமக ‘ஆஹா’ன்னா. அதுல இருந்து தட்டு வச்சதும் ‘இன்னைக்கு என்ன கவிதை மாமா?’ன்னு கேட்கறா. ஆசையா கேட்கற பொண்ணு மனசு நோகக் கூடாதேன்னு நாலு வருஷமா மண்டையைப் பிச்சுக்கிட்டு எழுதறேன். புத்தகமாச்சு, இனி எழுதலைன்னு தப்பிக்கப் பார்த்தேன். ‘பரவாயில்லை மாமா, இதையே முதல்ல இருந்து படிங்க’ன்னுட்டா!”

“பின்னே எதுக்கு சார் இங்கே வந்து இந்தக் கூச்சல்?”

“கொஞ்சமாவது பதறினாத்தானே நம்புவா? அவதான் கடையில கேட்டுப் பார்க்கலாம் வாங்கன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தா. அம்மா, ஒட்டினது ஒட்டினபடியே இருக்கட்டும். அவ காதுல மட்டும் போட்டுடாதே.”

நூலகருக்குத் தேநீர் புரையேறியது. இருமி முடித்துவிட்டு, “எண்பதும் இங்கேதாம்மா” என்றார்.

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இரண்டு பேரிடமும் வாயைத் திறப்பதில்லை என்று அந்த நிமிஷமே முடிவு செய்துகொண்டாள்.

கதவு திறந்தது. மருமகள் எட்டிப் பார்த்தாள்.

“வண்டி வந்தாச்சு மாமா. புத்தகம்?”

கவிஞர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். “வராதாம்மா. இனிமே வரவே வராதாம்.”

அவர் குரல் நன்றாகவே உடைந்தது. கொஞ்சம் கூடுதலாகவே உடைந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குத் தாங்கவில்லை. ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கலங்காதீங்க மாமா. கேட்டுக் கேட்டு நானூற்றுப் பன்னிரண்டும் எனக்கு மனப்பாடம். இனிமே தினம் மூணு நான் சொல்றேன், நீங்க உட்கார்ந்து கேளுங்க!”