பதினேழாவது கிணறு

அன்று பள்ளி நூலகத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். தலைமையாசிரியர் முத்துவேல், நூலக ஆசிரியை சுகன்யா, பதினோராம் வகுப்புப் பிரவீணா, அவளுடைய தாத்தா வைரக்கண்ணு.

தாத்தா என்பது வீட்டில். இங்கே அவர் நிர்வாகக் குழுத் தலைவர். பெரம்பலூரில் இந்தப் பள்ளி, ஆண்டிமடத்தில் இன்னொன்று. இரண்டும் அவர் கிழித்த கோட்டைத் தாண்டாதவை.

நாற்காலி போட்டும் அவர் உட்காரவில்லை.

இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் அவரவர் நூலகத்திலிருந்து இணையத்தில் ஒரே ஆவணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சேர்ந்து எழுதிவந்தார்கள். 'எங்கள் பகுதிக் கிணறுகள்' என்று தலைப்பு. இங்கே ஒருத்தி தட்டினால் அந்த நொடியே அங்கே தெரியும். தொடக்க நாளில் அதை மெச்சிப் பேசியவரே வைரக்கண்ணுதான்.

பதினேழாவது கிணறு செந்துறைப் பக்கம், அவர் குடும்பத்துடையது. 'தண்ணீர் எடுக்கப் போன ஜெகதாம்பாள் என்ற பெண் கால் தவறி விழுந்து இறந்தார்' என்று எழுதியிருந்தது.

ஜெகதாம்பாள் அவருடைய தங்கை. அந்த வரியில் அவருக்குக் குறை இல்லை. ஐம்பத்தாறு வருடமாக அவர் வீட்டில் சொல்லிவருவதும் அதுதான்.

அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்ந்திருந்தது.

'அன்று அவருடைய குடம் வீட்டில்தான் இருந்தது.'

சுகன்யாவிடம் சொல்லி அழிக்கவைத்தார். மறுநாள் வரி திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. மூன்று முறை அழித்தும் மூன்று முறை வந்தது.

ஆண்டிமடத்துப் பிள்ளை எவனோ குடும்பத்தைச் சந்திக்கு இழுக்கிறான் என்று முடிவு கட்டினார். டிசி கொடுத்து வெளியே அனுப்பும் உத்தரவைத் தட்டச்சு செய்து, பெயருக்கு மட்டும் இடம் விட்டு, கையெழுத்தும் போட்டுச் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார். வீட்டு மானம் எப்படிக் காக்கப்படுகிறது என்று பார்க்கட்டும் என்றே பேத்தியையும் வகுப்பிலிருந்து வரவழைத்திருந்தார்.

"அழிச்சாலும் யாரு எழுதுனதுன்னு பேரோட உள்ள நிக்கும்ங்க ஐயா. வேணாங்க, விட்டுடலாம்," என்றார் சுகன்யா.

"பேரு நிக்குதா? நல்லதாப் போச்சு. தொறங்க."

திருத்தங்களின் பட்டியல் திரையில் விரிந்தது. அந்த வரி நான்கு முறை எழுதப்பட்டிருந்தது. நான்கிலும் ஒரே பெயர்.

பிரவீணா.

முத்துவேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போன திதிக்கு அவங்க குடத்த வெளக்கி வச்சப்ப நீங்கதான தாத்தா சொன்னீங்க, அன்னிக்கு இது வூட்லதான் கெடந்துச்சுன்னு?" என்றாள் பிரவீணா. சரியான தகவலை யாரோ விஷமத்துக்கு அழிக்கிறார்கள் என்று நினைத்தே அவள் திரும்பத் திரும்ப எழுதியிருந்தாள்.

வைரக்கண்ணு பேனாவைத் திறந்தார். விட்டிருந்த இடத்தில் பேத்தியின் பெயரை நிரப்பினார். இனிஷியலைக்கூட மறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவளை எந்தப் பள்ளியிலும் சேர்க்கவில்லை. ஆவணத்தில் இப்போது பதினாறாவது கிணற்றுக்கு அடுத்தது பதினெட்டு.

ஜெகதாம்பாள் விழுந்தபோது கிணற்றடியில் யாரும் இல்லை என்றுதான் செந்துறைப் பக்கம் இன்றும் சொல்கிறார்கள்.

அது சரியல்ல. வைரக்கண்ணு இருந்தார்.