புல்டோசரின் பசி

"அப்பா, புல்டோசருக்குப் பசிச்சா என்ன திங்கும்?" என்று பொன்னரசி சிறுவயதில் கேட்டாள். "டீசல்" என்றார் பூவலிங்கம்.

இன்று எங்கும் டீசல் கிடையாது. புயலில் சிக்னல் போனதும் ஆளில்லா இயந்திரங்கள் உத்தரவுக்குக் காத்து நின்றுவிட்டன. ஏரிக்கரையில் உடைப்பு அகன்றுகொண்டிருந்தது. பூவலிங்கம் கொட்டகையில் கிடந்த பழைய புல்டோசரின் எரிபொருள் குழாய்களைக் கழுவி மாட்டினார். பொன்னரசி, எல்லோரும் முகாமுக்குப் போய்விட்ட கோயிலிலிருந்து விளக்குக்கான நல்லெண்ணெய் டின்களைத் தூக்கி வந்தாள்.

"இதத் திங்குமாப்பா?"

"சூடாக்கி ஊத்து தாயி. சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

இயந்திரம் இருமியது, பிறகு தோசை வாசத்தோடு புகைவிட்டு நகர்ந்தது. இருட்டுமுன் உடைப்பு அடைபட்டது.

எள் அறுவடை முடிந்த ஒரு மதியம், நடை சாத்தியிருந்த கோயில் வாசலில் அந்த டின்களை நிறைத்து வைத்தாள் பொன்னரசி. தெருவில் யாருமில்லை.