புகைவாய் வெளிச்சம்

கிம்பாத்தின் அம்மாவின் உடல் கூடாரத்துக்குள் கிடத்தப்பட்டிருக்கிறது. பெண்கள் நாங்கள் வழக்கப்படி கூடாரத்தின் கம்பளிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறோம். ஏழு வயதில் சினிமாவில் அழுது ஊரையே அழவைத்தவள் கிம்பாத். இப்போது தினமும் டிவி தொடரில் அழுகிறாள். இங்கேயும் கண்ணீர் வழிகிறது. "துடைக்கவே மாட்டேங்கிறா, பாத்தியாடி?" என்று உர்குயா சித்தி என் காதைக் கடிக்கிறாள். "பெத்தவ செத்ததுக்குமா நடிப்பா, சித்தி?" "நடிக்கச் சொல்லிக் குடுத்ததே அந்தப் பெத்தவதானே?" கூரையின் புகைவாய் வழியே வெயில் இறங்குகிறது. கிம்பாத்தின் முகம் மெல்லச் சுவரை விட்டு வெளிச்சத்துக்குத் திரும்புகிறது. சித்தி என்னை முழங்கையால் இடிக்கிறாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தானும் வெளிச்சத்துப் பக்கம் திரும்பி, பெருங்குரலெடுத்து அழத் தொடங்குகிறாள்.