அம்மா திட்டினால்தான் அட்டெண்டன்ஸ்

இணையவழிக் கல்லூரியில் வீட்டிலிருந்துதான் படிக்க வேண்டும் என்பது விதி. மணிக்கு ஒரு முறையாவது அம்மாவின் குரல் குறுக்கே வராவிட்டால், அது வீடே இல்லை என்று முடிவுகட்டி மென்பொருள் ஆப்சென்ட் போட்டுவிடும்.

இன்னொரு ஆப்சென்ட் விழுந்தால் தமயந்தி பரீட்சை எழுத முடியாது. அந்த மணி நேரம் முடிய இரண்டு நிமிடமே இருந்தது. வியட்நாமுக்கு ஊர் சுற்ற வந்திருந்தவள், ஹனோய் விடுதி அறையில் மைக்கை அணைத்துவிட்டு, திண்டுக்கல்லில் இருந்த அம்மாவை ஃபோனில் பிடித்தாள்.

“அம்மா, சீக்கிரம் திட்டு. ஸ்பீக்கர்ல போடறேன்.”

“இருடி, பக்கத்து வீட்டுல நிக்கிறேன். முதல்ல கதிரவனைத் திட்டிட்டு வரேன். அவனுக்கும் கிளாஸ் நடக்குது.”

“அவன் எந்த நாட்டுல சுத்துறான்?”

“அவன் பாவம், வீட்டுலதான் கிடக்கான். ஊர் சுத்தப் போனது அவங்க அம்மா.”