காட்டிய சேலை

மடிப்பைப் பிரித்தபோதுதான் அந்த ஊக்கைப் பார்த்தாள்.

முந்தானையின் தோள்பக்கம். சின்ன ஊக்கு. குத்தியது குத்தியபடியே இருந்தது.

எதிரே ஸ்டாண்டில் கைப்பேசி. நேரலை ஓடிக்கொண்டிருந்தது. சேலை ஏற்கெனவே திரை முழுக்க விரிந்துவிட்டது.

மாந்தளிர் நிறம். அரக்குக் கரை.

போன மாதம் இதே இடத்தில் நின்று, இதே சேலையைக் கட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் திரும்பிக் காட்டியவள் அவள் தங்கை வளர்மதி. அக்கா பேசுவாள். தங்கை உடுத்திக் காட்டுவாள். இளம்பிள்ளை ஊரின் இந்த மாடி அறையிலிருந்து, சேலை விற்கும் அவர்களுடைய இணையப் பக்கம் அப்படித்தான் வளர்ந்தது.

அன்று நேரலை முடிந்ததும் வளர்மதி உடம்பு சுடுகிறது என்றாள். கட்டியிருந்ததை அவசரமாகக் களைந்து, மடித்து, எங்கோ வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

பிறகு எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு இந்தச் சேலையை அவள் தேடாத இடமில்லை. பீரோ, கொடி, துவைக்கப் போட்ட துணி. உடுத்திக் காட்டியதை மறுவாரம் விலை குறைத்து விற்பது வழக்கம். விற்பனைக்கான அடுக்கில் தேட மட்டும் ஏனோ தோன்றவில்லை.

பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது.

பக்கத்துக்கு விளம்பரம் செய்து தரும் பிரசன்னா, தீபாவளி முடியும்வரை வெளியே சொல்ல வேண்டாம் என்றிருந்தான். துக்க முகத்தைக் கண்டால் ஜனங்கள் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போய்விடுவார்களாம். கெட்டவன் இல்லை. மயானத்தில் கடைசிவரை நின்றவன்தான்.

அதனால், தங்கச்சி எங்கே என்று கேட்டவர்களிடமெல்லாம் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவந்தாள். சிரித்துக்கொண்டே.

இப்போது சிரிப்பு வரவில்லை.

ஊக்கின் மேல் வைத்த விரல் அங்கேயே நின்றது.

திரையில் எழுத்துகள் ஏறிக்கொண்டே போயின.

அக்கா, சத்தம் வரலை.

நெட்டு போச்சா?

பார்டரைக் கிட்ட காட்டுங்க.

சேலை அழகுல அக்காவே மயங்கிட்டாங்க போல.

அதற்குக் கீழே, விலைகூடக் கேட்காமல், ஒரு வரி.

எனக்கு. ரஹ்மத் நிஷா, காயல்பட்டினம்.

முதலில் கேட்டவருக்குத்தான் சேலை.

நல்ல சேலையைக் காட்டி ஆசையைக் கிளப்பிவிட்டு, அது விற்றுப்போயிற்று என்று வேறொன்றைத் தலையில் கட்டும் பக்கங்கள் உண்டு. வளர்மதிக்கு அது ஆகாது. காட்டினால் கொடுப்போம் என்று பக்கத்தின் முகப்பிலேயே எழுதி வைத்தாள். பிரசன்னா செய்த விளம்பரங்களை எத்தனை பேர் பார்த்தார்களோ. பெண்கள் திரும்பத் திரும்ப வந்தது அந்த வாக்கை நம்பி.

இது மட்டும் இல்லை என்று சொல்லிவிடலாம். யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

வாயைத் திறந்தாள்.

"ரஹ்மத் நிஷாக்கா, உங்களுக்குத்தானுங்க."

சேலையை மடித்துச் சாமி படத்தடியில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். மிச்ச நேரமெல்லாம் வாய் பேசியது. அவள் பேசவில்லை.

நேரலை முடிந்ததும் ரஹ்மத் நிஷாவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினாள். ஒருமுறை உடுத்திய சேலை, குறைந்த விலைதான் என்று மறைக்காமல் சொன்னாள். அந்த அம்மாள் மறுபேச்சின்றிப் பணத்தை அனுப்பிவிட்டார்.

முகவரி கேட்டாள்.

பதில் வருவதற்குள் ஊக்கைக் கழற்றிவிட வேண்டும் என்று சேலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தங்கை போடும் பவுடரின் மணம் மெல்ல எழுந்தது. இன்னும் போகவில்லை.

ஊக்கில் கை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

கைப்பேசி ஒலித்தது.

முகவரியைப் படித்தாள். கதவு எண். மாடி. இளம்பிள்ளை.

ஒவ்வொரு பார்சலிலும் அனுப்புநர் என்று அவள் எழுதுகிற, இந்த வீட்டின் முகவரி.

பாவம், தவறிப் போய் இதை அனுப்பிவிட்டார். அக்கா, இது எங்கள் முகவரி, உங்களுடையதை அனுப்புங்கள் என்று எழுதினாள்.



பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. வயதான குரல். அவசரமில்லாத குரல்.

"தப்பா அனுப்பலம்மா. கடைசியா அந்தப் புள்ள இதத்தான கட்டிக்கிட்டு நின்னுச்சு. இன்னைக்கு ஒங்க மொகத்தப் பாத்ததும் புரிஞ்சிபோச்சு. வேற யாரும் கேட்டுரக் கூடாதேன்னுதான் முந்திக்கிட்டேன். அல்லா ஒங்களுக்குப் பொறுமையத் தரட்டும்."

இன்னொருமுறை கேட்டாள்.

அந்த அம்மாளின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. எப்போதாவது ஒரு பருத்திச் சேலை வாங்குகிறவர். அவ்வளவுதான் தெரியும்.

ஊக்கை அப்படியே விட்டுவிட்டாள்.

சேலையை உறையில் இட்டு ஒட்டினாள். எல்லாருக்கும் செய்வதுபோலவே. அனுப்புநர் முகவரியை எழுதினாள். கீழே, பெறுநர். அதே கதவு எண், அதே மாடி, அதே ஊர்.

பெயர் எழுதும் இடத்தில் பேனா நின்றது.

கைப்பேசியில் யாரோ கேட்டிருந்தார்கள். அக்கா, நாளைக்காச்சும் தங்கச்சி வருவாங்களா?

பேனாவைக் கீழே வைத்தாள்.

உறையை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளபடியே பதில் எழுத ஆரம்பித்தாள்.