பெட்டி மாறிய சுருட்டு

"திருடி!"

மறந்துவிட்டுப் போன குடையை எடுக்கத் திரும்பி வந்த நாத்தனார், சமையலறை வாசலில் நின்று போட்ட சத்தத்தில், கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் தம்பி அலறியடித்து ஓடி வந்தான்.

மேசை மேல் அப்பாவின் பழைய மரப்பெட்டி. அதில் மருமகள் சுருட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவை வேறு ஏதோ பெட்டியிலிருந்து எடுத்தவை. சற்று முன்பு, "அப்பாவுக்கு" என்று நாத்தனார் கொடுத்துவிட்டுப் போன கியூபா சுருட்டுப் பெட்டியோ, மருமகளின் கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்தது.

"ஆமா, மாத்தறேன்" என்றாள் மருமகள். அடுக்குகிற கை நிற்கவில்லை.

"கொஞ்சமாவது கூச்சம் இருக்கா? நான் வாங்கினதை எங்கே கொண்டுபோறே?"

"கடைக்கு."

"கேட்டியாடா? கடையில கொடுத்துக் காசாக்கறா! அப்பாவுக்கு ஏதோ மட்டமானதை வெச்சுட்டு!"

தம்பி மனைவியைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். பிறகு, வம்பில்லாத இடமாக மின்விசிறியைப் பார்த்தான்.

"ஏன் மாத்தறேன்னு கேக்காதீங்க அண்ணி, சொல்ல மாட்டேன். இதோட விட்டுடுங்க. உங்களுக்கும் நல்லது."

"என்னையே மிரட்டறியா?"

விடுகிற ஆளா நாத்தனார்? இரண்டு பெட்டியிலிருந்தும் ஒவ்வொரு சுருட்டை உருவினாள். தன்னுடையது வலது கையில், மருமகளுடையது இடது கையில். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. அதே நிறம், அதே நீளம், கழுத்தில் அதே சிவப்புக் காகித வளையம். நேராக பால்கனிக்கு நடந்தாள்.

அங்கே சாய்வு நாற்காலியில் மாமனார். கப்பல் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். துறைமுகம் துறைமுகமாகச் சுருட்டு ருசி பார்த்த நாக்கு.

"அப்பா, இதுல ஒண்ணு நான் வாங்கினது. இன்னொண்ணு உங்க அருமை மருமக செருகி வெச்சது. எது எதுன்னு நீங்களே சொல்லுங்க."

"மாமா, வேண்டாம்" என்று பின்னாலேயே ஓடி வந்தாள் மருமகள்.

"ஏன், பயமா இருக்கா?" என்றாள் நாத்தனார்.

மாமனார் முதலில் இடது கையில் இருந்ததை வாங்கினார். நுனியை வெட்டி, நிதானமாகப் பற்ற வைத்து, ஒரு இழுப்பு. கண்கள் தானாக மூடிக்கொண்டன.

"இதாம்மா நீ மாசாமாசம் கொடுக்கிறது! என்ன கலவை, என்ன வாசனை!" என்றார் மகளிடம்.

நாத்தனாரின் புருவம் சுருங்கியது. அவர் அடுத்ததைப் பற்ற வைத்தார். இழுத்த வேகத்தில் இருமினார்.

"கம்பெனி அதேதான். ஆனா கலவை வேற. செடியோட உச்சியில வெயில் குடிச்ச இலைதான் ருசி. அது இதுல பேருக்குத்தான் இருக்கு. விலை அதுல பாதிகூட இருக்காது. பேருக்காக வாங்கறவங்க வாங்கறது." மருமகள் பக்கம் திரும்பினார். குரல் உடைந்திருந்தது. "ஏம்மா, என் பொண்ணு ஆசையா வாங்கித் தர்றதை எடுத்துட்டு, இதையா எனக்கு வைக்கப் பார்த்தே?"

நாத்தனாருக்கு முகம் வெளுத்துவிட்டது. துப்பாத குறையாக அவர் ஒதுக்கி வைத்தது, அவள் பெட்டியிலிருந்து அவளே எடுத்து வந்த சுருட்டு.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், மருமகள் தப்பித்துவிடலாம். அவள் முகத்தை நிமிர்த்திக்கொண்டாள்.

"மாத்தினது நான்தான் மாமா. அதுக்காக வருத்தமும் படல."

"திமிரைப் பாரு" என்று முனகிவிட்டு அவர் நல்ல சுருட்டுக்குத் திரும்பினார்.

நாத்தனார் மருமகளைச் சமையலறைக்கு இழுத்து வந்தாள்.

"பார்க்க ஒரே மாதிரி இருந்தது. விலையும் குறைச்சல். அப்பாவுக்குத் தெரியாதுன்னு நினைச்சேன்..."

"முதல் தடவையே தெரிஞ்சுபோச்சு அண்ணி. ஒரே இழுப்புல அணைச்சுட்டு, 'என் பொண்ணுக்கு என் ருசி மறந்துபோச்சு'ன்னார். அன்னிக்குச் சாப்பிடக்கூட இல்ல. அதுலேர்ந்துதான் உங்க பெட்டியைக் கடையில கொடுத்து, மேல என் சம்பளத்துலேர்ந்து போட்டு, அடுத்த மாசத்துக்கு அவர் பிடிக்கிறதை வாங்கி வைக்கிறேன்."

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இரு. இப்பவே போய் அப்பாகிட்ட உண்மையைச் சொல்லிடறேன்."

மருமகள் வாசலில் குறுக்கே கையை நீட்டி மறித்தாள்.

"சொல்லித்தான் பாருங்களேன்! என்னைத் திருடின்னு நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும். மருமக மட்டம்னா அவர் தாங்கிப்பார் அண்ணி. பொண்ணு மட்டம்னா தாங்க மாட்டார்."