ஒன்பது சென்டிமீட்டர்

என் அக்கா மாலின் ஏரிக்கரையில் உட்கார்ந்து சறுக்குக் காலணியின் வாரை இறுக்கிக்கொண்டே ஃபோனில் பேசினாள்.

"டேய், ஒன்பது சென்டிமீட்டர் கனமாம். கண்ணாடி மாதிரி கறுப்பு ஐஸாம். பெங்க்ட்-ஓவே காலையிலேயே உங்க செயலியில போட்டுட்டார்."

"கோலால குத்திப் பார்த்தியாக்கா?"

"அவரே பார்த்தாச்சு, அப்புறம் நான் எதுக்கு? கோல் கார்லயே கிடக்கு."

என் கையிலிருந்த குங்குமப்பூ ரொட்டி விசைப்பலகையில் விழுந்தது.

"போகாதக்கா. நாலுகூட இருக்காது."

"ஆபீஸ்ல ஹீட்டர் பக்கத்துல உட்கார்ந்துகிட்டு உனக்கு எப்படிடா தெரியும்? குளிக்கிற தொட்டியிலயே வழுக்கி விழுந்தவன் நீ."

பதில் என்னிடம் இருந்தது. சொன்னால் வேலை போகும். இரண்டு நொடி யோசித்தேன்.

அவள் வைத்துவிட்டாள். அதன்பின் எடுக்கவில்லை.

எங்கள் செயலியின் வரைபடத்தில், மேலாரன் ஏரியில் சறுக்குகிறவர்கள் எல்லோரும் நீலப் புள்ளிகள். இன்று ஒரே புள்ளி. அது கரையைவிட்டு நகர்ந்தது.

மேலாளர் காத்தரீனா திங்கள்தோறும் சொல்வார்: நாம் எழுதினால் அது விளம்பரம், அவர்களே எழுதினால் தினமும் வருவார்கள்.

ஆனால் குளிர்காலத்தின் முதல் தகவலை எழுத ஆள் கிடைப்பதில்லை. முதலில் இறங்க யாருக்கு ஆசை? பெங்க்ட்-ஓவே ஒருவர்தான் எழுதுவார். அவர் எழுதிவிட்டால் மற்றவர்கள் வரிசையாக வருவார்கள்.

அவருக்கு அறுபத்தொரு வயது. மனைவி இல்லை. இடது முழங்காலில் வலி. நாலாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். மூன்று பேர் தைலம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பெண்மணி குல்லாய் பின்னி அலுவலகத்துக்கே அனுப்பினார்.

நல்ல கதகதப்பான குல்லாய். என் தலையில்தான் இருக்கிறது.

இன்றைய ஒன்பது சென்டிமீட்டருக்குக் கீழே முப்பத்தேழு பேர் 'உண்மை, நானும் பார்த்தேன்' என்று அழுத்தியிருந்தார்கள். அழுத்தினால் பதக்கம் உண்டு.

ஏரியில் ஒரே புள்ளி.

அவசர எண்ணில் கேட்டார்கள்: விழுந்துவிட்டாரா? இன்னும் இல்லை என்றேன். ஆள் வர இருபது நிமிடமாகும் என்றார்கள்.

புள்ளி, இரண்டு தீவுகளுக்கு நடுவே உள்ள இடுக்கை நோக்கிப் போனது. அங்கே அடியில் நீரோட்டம் உண்டு. எந்தக் குளிரிலும் மேலே மெல்லிசாகத்தான் உறையும்.

கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தேன். மூன்றாம் முறை உள்ளே போனேன், பெங்க்ட்-ஓவேயாக.

பத்து என்று போட்டால் சந்தேகப்படுவார்கள். அதனால்தான் காலையில் ஒன்பது என்று போட்டிருந்தேன். அந்தப் பெயரில் வேறு யாரும் கிடையாது.

"நான் எழுதியது பொய். ஏரிப் பக்கமே போகவில்லை. யார் இருந்தாலும் வந்த வழியே உடனே கரைக்குத் திரும்புங்கள்."

புள்ளி நின்றது.



நாற்பது நொடியில் முதல் பதில் வந்தது: "நம்பாதீங்க. அவர் கணக்கை யாரோ திருடிட்டாங்க. நேத்து பெங்க்ட்-ஓவேகூடதான் சறுக்கினேன், ஐஸ் அருமை. பாவம், முழங்கால்தான் படுத்துது."

பதினான்கு இதயங்கள்.

பதினைந்தாவது, மாலின் அக்காவுடையது.

புள்ளி மறுபடி நகர்ந்தது, இடுக்கை நோக்கி.